மந்த காலத்தில் டிராவல்ஸ் எதை நம்பி நிற்பது? நெல்லை வட்டாரத்துக்கு ஒரு கணக்கு

கம்பெனி மீட்டிங், மாத வாடகை, குடும்பங்களின் கோயில் பயணம், குற்றாலம் சீசன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் வண்டியும் ஓட்டி மீட்டிங் ஏற்பாடும் செய்கிற சின்ன டிராவல்ஸ்களுக்குப் பெரும்பாலும் இந்த நாலு வழியில்தான் காசு வருகிறது. தொழில் நன்றாக ஓடும்போது எது வந்தாலும் எடுத்துப் போட்டுச் செய்துவிடுகிறோம். டீசல் ஏறும்போதும், கம்பெனிகள் செலவைச் சுருக்கும்போதும், வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளின் வேலை நிலைக்குமா என்று மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பேச்சு வரும்போதும்தான் கேள்வி எழுகிறது. இருக்கிற முதலையும் உழைப்பையும் இந்த நாலில் எதில் கூட்டுவது, எதில் குறைப்பது?

"எதுல லாபம் ஜாஸ்தி அண்ணாச்சி?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நல்ல காலத்துக்கு அது சரியான கேள்வி. மந்த காலத்துக்கு வேறு மூன்று கேள்விகள் முக்கியம். வாடிக்கையாளர் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இதிலா? வேலை முடிந்து எத்தனை நாளில் பணம் நம் கைக்கு வரும்? வேலையே வராத மாதத்தில் இதற்காக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், லாபக் கணக்கில் கடைசியில் நிற்பது முன்னுக்கு வந்துவிடுகிறது.

கம்பெனி மீட்டிங்: லாபமும் பாக்கியும்

சிமெண்ட், பெயிண்ட், பம்புசெட், உரம், விதை என்று எந்தக் கம்பெனியானாலும் வருஷத்தில் ஓரிரு முறை டீலர்களைக் கூட்டிப் பேசும். நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவிலில் இருந்து டீலர்கள் வருவார்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஹால், மைக் செட், புரொஜெக்டர், பேனர், காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு, கிளம்பும்போது அல்வாவோடு ஒரு பை. நூறு பேர் வருகிற ஒரு நாள் மீட்டிங்குக்கு இரண்டரை லட்சம் பில் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அதில் நம் செலவு 2,20,000, நமக்கு நிற்பது 30,000. ஒரே நாள் வேலைக்கு இது நல்ல காசுதான்.

ஆனால் ஹாலுக்கு அட்வான்ஸ், சமையல்காரருக்குப் பாதி, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் மீட்டிங்குக்கு முன்பே நம் கையிலிருந்து போய்விடும், மிச்சம் அன்றைக்கே போய்விடும். கம்பெனிப் பணமோ பில் போட்டு, அது தலைமை அலுவலகம் போய், ஒப்புதலாகி வர வேண்டும். மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவான 2,20,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் புரட்டியிருந்தால் மூன்று மாத வட்டியே 9,900 ரூபாய். முப்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிட்டது. வருமான வரிக்காகப் பில்லிலேயே கழித்துக்கொள்கிற டி.டி.எஸ். பிடித்தம் தனி. அதற்கிடையில் ஏற்பாட்டைப் பேசிய மேனேஜர் மாற்றலாகிப் போனால், புதிதாக வந்தவருக்கு ஆரம்பத்தில் இருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும். எனக்கும் ஒரு கம்பெனியோடு அப்படி நடந்தது. வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை, பில்லை மட்டும் பழைய தேதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொழிலில் நிறையப் பேர் விழுவது வேலை இல்லாமல் அல்ல, செய்த வேலைக்குப் பணம் வராமல்தான்.

முதல் கேள்விக்கும் மீட்டிங்கின் பதில் பலவீனமாகவே இருக்கிறது. செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்தால் கம்பெனிகள் முதலில் வெட்டுவது பயணத்தையும் மீட்டிங்கையும்தான். 2020-ல் மீட்டிங் எல்லாம் ஜூமுக்குப் போனபோது, கணிசமான வேலையை வீடியோவிலேயே முடித்துவிடலாம் என்று கம்பெனிகள் பழகிக்கொண்டன.

இதற்குள் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. செலவு குறைகிற காலத்தில் கொச்சியிலும் கொடைக்கானலிலும் நடக்கிற இரண்டு நாள் கூட்டம் நின்றுபோகும். ஆனால் டீலரை நேரில் பார்க்காமல் சரக்கு நகராது. அந்தக் கூட்டம் சின்னதாகி, ஒரே நாளாகி, டீலர் இருக்கிற மாவட்டத்துக்கே வரும். நெல்லைக்கு அது தோதானது. 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் மதியத்துக்கு மேல் எழும்பூரில் ஏறினால் ராத்திரி ஜங்ஷனில் இறங்கிவிடலாம். மறுநாள் மீட்டிங்கை முடித்து அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பினால் ஒரு ராத்திரி அறை வாடகையோடு போயிற்று. 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வாகைகுளம் விமான நிலையத்துக்கும் 2025 ஜூலையில் புதிய முனையம் வந்திருக்கிறது. ஆகவே மந்த காலத்தில் பெரிய மாநாட்டைத் தேடி மதுரைக்காரர்களோடு போட்டி போட வேண்டாம். நாற்பது, ஐம்பது பேருக்கான ஒரு நாள் கூட்டத்துக்கு ஒரே விலை போட்டு எல்லாக் கம்பெனிக்கும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

பணம் தாமதமாவதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. கெடு தாண்டிய பாக்கியை, அது நிஜமாகக் கொடுக்கப்படும் வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. வழக்குப் போடுவதைவிட இதுதான் நமக்கு உபயோகம். உத்யம் எண்ணை பில்லின் தலையிலேயே அச்சடித்துக் கொடுத்தால் அவர்களுடைய ஆடிட்டரே நமக்காகக் கேட்பார். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இதைச் செய்யாமல் கம்பெனி வேலையில் இறங்கவே கூடாது.

மாத வாடகை: நிம்மதி, ஆனால் ஒரே வாசல்

கங்கைகொண்டான் சிப்காட், கூடங்குளம், தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை என்று சுற்றுவட்டாரத்தில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை இருக்கிறது. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்காரர்களுக்கும் மாதக் கணக்கில் வண்டி வேண்டும். ரேட் குறைவு. ஆனால் மாதம் பிறந்தால் வண்டிக் கடனுக்கு டியூ கட்ட ஒரு தொகை உறுதியாக வரும் என்கிற நிம்மதி சின்ன விஷயமில்லை.

இதில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒப்பந்தத்தில் டீசல் விலைக்கு ஒரு வரி இருக்கிறதா? வேன் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்து மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால், டீசல் ஐந்து ரூபாய் ஏறுவது மாதத்துக்கு 1,500 ரூபாய். மாத வாடகையில் வண்டிக்கு நிற்பதே சில ஆயிரங்கள் என்கிறபோது அது பெரிய அடி. டீசல் இன்ன விலையைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு கூடும் என்று எழுதி வாங்குங்கள். இன்னொன்று, எல்லா வண்டியையும் ஒரே கம்பெனிக்கு ஓட்டக் கூடாது. ஒரு ஷிஃப்டைக் குறைத்தார்கள் என்றால் முப்பது நாள் நோட்டீஸில் அத்தனை வண்டியும் ஷெட்டில் வந்து நிற்கும். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வேண்டாம் என்பது என் கணக்கு.

கோயில் பயணம்: சின்னக் காசு, நிற்காத காசு

லாபக் கணக்கில் கடைசியில் இருப்பதாகச் சொன்னேனே, அது இதுதான். ஒரு ட்ரிப்பில் டீசல், பேட்டா போக நாலாயிரம், ஐந்தாயிரம் நின்றால் அதிகம். இருந்தாலும் நெல்லைச் சீமையில் டிராவல்ஸ் நடத்துகிறவர் மந்த காலத்தில் காலூன்ற வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பங்குனி உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிற குடும்பங்கள் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வருகிற நாள். முதல் நாளே ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். கைக்குழந்தையில் இருந்து தொண்ணூறு வயது ஆச்சி வரை ஒரே வேனில் ஏற வேண்டும். பொங்கல் பானை, அரிசி, வெல்லம், விறகு, பூமாலை, படையல் சாமான் எல்லாம் பின்னால் ஏறும். கோயில் பெரும்பாலும் ஏதாவது குளத்தங்கரையிலோ, ஆற்றோரத்திலோ, காட்டுக்குள்ளோ இருக்கும். மேப்பில் பெயர் போட்டால் வேறொரு சாஸ்தாவைக் காட்டும். எந்தக் கரையில் வேன் இறங்கும், எங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், முந்தின வாரம் மழை பெய்திருந்தால் எந்தப் பாதை சகதியாகிவிடும் என்று தெரிந்த டிரைவர்தான் இங்கே மூலதனம். ஆச்சியைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு, பொங்கல் பொங்குகிற வரை பொறுமையாகக் காத்திருந்து, அவர்கள் வற்புறுத்தினால் உட்கார்ந்து சாப்பிட்டு வருகிற டிரைவரை அந்தக் குடும்பம் விடவே விடாது. அடுத்த வருஷம் "அதே அண்ணனையே அனுப்புங்க" என்று பிப்ரவரியிலேயே போன் வரும்.

இப்போது அந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டைக் கேட்போம், மூன்றாவது பின்னால் வருகிறது. காசு குறைந்தால் ஊட்டி நிற்கும், சிங்கப்பூர் நிற்கும், குலதெய்வம் நிற்காது. முதல் மொட்டையும் காதுகுத்தும் நிற்காது. தள்ளிப்போட்டாலும் ஒரு நாள் செய்துதான் ஆக வேண்டும். அளவு மட்டும் சுருங்கும். இரண்டு வேன் ஒன்றாகும், ஏசி வேண்டாம் என்பார்கள், ராத்திரி தங்காமல் அன்றே திரும்புவார்கள். அதற்கேற்ற சின்னப் பயணத்தை நாமே முன்வந்து சொன்னால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேட மாட்டார். பணமோ முன்பாதி போனிலேயே வந்துவிடும், மீதி வண்டி திரும்பி வந்து நிற்கும்போது. வாராக் கடன் என்ற பேச்சே கிடையாது.

நம் வட்டாரத்தின் தமிழ் மாதங்களும் இதற்குத் துணை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் சங்கரன்கோவில் தபசும், பாபநாசத்துக்கும் சொரிமுத்து ஐயனாருக்கும் ஆடி அமாவாசையும் இருக்கின்றன. புரட்டாசியில் நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள், நவராத்திரியில் குலசேகரன்பட்டினத்துக் குலசைத் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டி, கார்த்திகையில் செங்கோட்டை வழியாக ஐயப்பன்மார், மார்கழியில் நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்கள், தையில் பூசம். கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கிற மாதங்களில்கூட வேன் ஓடுகிறது. 2025 ஜூலை 7-ல் திருச்செந்தூரில் குடமுழுக்கு நடந்தபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி கேட்டார்கள்.

புரட்டாசிச் சனிக்கும் மார்கழி ஞாயிறுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது. விலையில் அதோடு போட்டி போட வேண்டாம். முட்டுவலியோடு பேருந்து நிலையம் வரை வர முடியாத பெரியவர்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்து பணம் அனுப்பி, "அப்பாவையும் அம்மாவையும் பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்று கேட்கிறார்கள். வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிற வேலையைப் பேருந்து செய்யாது.

குற்றாலமும் வெளிநாடும்

குற்றாலம் சீசனைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாரல் நன்றாக விழுந்தால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வண்டி நிற்காது. விழாவிட்டால் ஒன்றுமில்லை, அளவுக்கு மிஞ்சி விழுந்தால் குளிக்கத் தடை. 2020, 2021 இரண்டு சீசனிலும் அருவிகள் மூடியே கிடந்தன. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது, உடனே தடை வந்தது, வரவும் வேண்டும். சீசன் காசை வந்தால் வரட்டும் என்று வையுங்கள், அதை நம்பி டியூ போடாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் டூர் விற்பது டாலர் விலையோடு கட்டிப்போட்ட தொழில். இன்று சொன்ன விலை விசா வருவதற்குள் மாறிவிடும். பெரிய ஏஜென்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வண்டி வாங்குவதா, அட்டாச் செய்வதா?

வேலையைத் தேர்ந்த பிறகு வருகிற முடிவு இது, மூன்றாவது கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு வேனுக்கு டியூ 42,000, டிரைவர் சம்பளம் 20,000, வரியும் இன்சூரன்ஸும் மாதத்துக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 72,000. ட்ரிப்புக்கு 4,500 நின்றால் பதினாறு ட்ரிப் ஓடினால்தான் அந்த மாதம் சமன். மெலிந்த மாதத்தில் பத்துதான் ஓடியது என்றால் 27,000 துண்டு விழும். மேலே பார்த்த மீட்டிங்கில் நின்ற முப்பதாயிரம் அந்தத் துண்டை அடைத்துவிடும், அது நேரத்துக்கு வந்தால். மூன்று வேன் வைத்திருந்தால் 81,000 துண்டு, அதற்கு மீட்டிங்கும் போதாது.

அட்டாச் என்றால் இன்னொருவர் வண்டியை நம் வேலைக்குக் கமிஷனில் ஓட்டுவது. அதில் பத்து சதவீதம்தான் கமிஷன் நிற்கும், ஆனால் வேலை இல்லாத மாதத்தில் நமக்கு ஒரு பைசா செலவில்லை. குறை என்னவென்றால் வளர்பிறை முகூர்த்தத்தன்று அட்டாச் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் டிரைவர் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் என் முடிவு இப்படி: மிக மெலிந்த மாதத்தில் கோயில் பயணமும் மாத வாடகையும் சேர்ந்து எத்தனை வண்டிக்கு டியூ கட்டுமோ அத்தனைதான் சொந்த வண்டி. அதற்கு மேல் வருகிற வேலைக்கு அட்டாச். மீட்டிங்குக்கென்று சொந்தமாக ஹால் எடுப்பதை இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். ஹோட்டல்காரர்களே காலி ஹாலை நிரப்ப விலை குறைத்துத் தருகிற காலம் மந்த காலம்.

மீட்டிங் வேலையை விடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு வரம்பு கட்டுங்கள். கம்பெனிகளிடம் வெளியே நிற்கும் மொத்தப் பாக்கி, நம் கையிருப்பை எந்த நாளிலும் தாண்டக் கூடாது. கையில் இரண்டு லட்சம் இருந்தால் வெளியே இரண்டு லட்சம் வரை நிற்கலாம். அடுத்த மீட்டிங் வந்தால் பழைய பில் வர வேண்டும், இல்லையென்றால் பாதிப் பணம் முன்னால் வர வேண்டும். இந்த வரம்பில் ஒன்றிரண்டு நல்ல வேலை கைநழுவும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இதே கலவை பொருந்தாது. டியூ எல்லாம் முடிந்து, வீட்டில் இன்னொரு சம்பளமும் வருகிறவர் மீட்டிங்கில் துணிந்து இறங்கலாம், அவரால் மூன்று மாதம் காத்திருக்க முடியும். வள்ளியூர், கங்கைகொண்டான் பக்கம் இருப்பவருக்கு ஆலை வாசல் பக்கத்திலேயே இருப்பதால் மாத வாடகை கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கடனில் வண்டி ஓட்டுகிற, ஒரே வருமானத்தில் குடும்பம் நடத்துகிற ஆளுக்குத்தான் கோயில் பயணம் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பேரிடரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். பொருளாதார மந்தம் ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றைத் திறந்து வைக்கும். 2020-ன் ஊரடங்கில் கோயிலும் அருவியும் ஹாலும் ஒன்றாக மூடின. ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2023 டிசம்பர் 17, மார்கழியின் முதல் ஞாயிறு. நவகைலாயத்துக்கு வண்டி கிளம்ப வேண்டிய நாள். பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். இப்படிப்பட்ட நாளில் எந்தக் கலவையும் காப்பாற்றாது, கையிருப்பு மட்டும்தான். மூன்று மாத டியூவைத் தனிக் கணக்கில் போட்டு, மீட்டிங் லாபம் வரும்போதெல்லாம் முதலில் அதை நிரப்புங்கள். ரத்தானால் முன்பணம் என்னாகும் என்பதை ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்: வெள்ளம், அரசுத் தடை என்றால் ஒரு வருஷத்துக்குள் வேறு தேதி, கேட்டால் ஹாலுக்கும் பர்மிட்டுக்கும் போன செலவு போக மீதி திரும்ப.

வங்கியில் ஓவர் டிராஃப்ட், அதாவது தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்கிற கடன் வரம்பு, கேட்பதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் போய்க் கேளுங்கள். கணக்கில் வரவு தெரிகிற மாதம் அது, எடுக்காத வரை அதற்குப் பெரிய செலவும் இல்லை. அட்டாச் வண்டிக்காரருக்கு மட்டும் கடன் வைக்காதீர்கள். வண்டி திரும்பிய அன்றே அவர் காசைக் கொடுத்துவிட்டால், அடுத்த முகூர்த்தத்துக்கு ஊரே வண்டி தேடும்போது அவர் முதலில் நம் போனைத்தான் எடுப்பார்.